மஞ்சள் நட்சத்திரம் குத்திய வகுப்பறை

யூத இனப்படுகொலையைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வகுப்பறையில் நடித்துக் காட்டிய அந்த வீடியோவை எனக்கு இன்னும் அனுப்பாதவர்கள் யாராவது இருந்தால் அனுப்பிவிடுங்கள், கணக்கு முழுமையாகட்டும். நேற்று இரவு வரை பதினேழு பேர். "எவ்வளவு அருமையான செயல்பாடு, பார்த்தீர்களா டீச்சர்!" என்று கைதட்டும் பொம்மையோடு அனுப்பியவர்களே அதில் அதிகம். நான் அதன் கீழே எழுதியது ஒரே ஒரு வரி: "பிள்ளைகளை வைத்து இதைச் செய்யக் கூடாது." அந்த வரிக்காக எனக்குக் கிடைத்த பட்டங்களை நீங்களும் வாசித்திருப்பீர்கள். பொறாமைக்காரி, பழைய பஞ்சாங்கம், இளைய ஆசிரியர்களை வளரவிடாதவள்.

பார்க்காதவர்களுக்காக முழுக் கதையையும் விவரிக்கப் போவதில்லை. ஹிட்லர் வேடத்துக்காகக் கரியால் மீசை வரைந்த பையனையும் விட்டுவிடுகிறேன். இடது ஓரத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவளுடைய சீருடையில் மஞ்சள் காகித நட்சத்திரம் ஊக்கால் குத்தப்பட்டிருக்கிறது. எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரிக்கிறாள். அப்புறம் குனிந்து, துணி கிழிந்துவிடாமல் அந்த ஊக்கை மெதுவாகக் கழற்றப் பார்க்கிறாள். அதற்குள் "வரிசையில் நில்!" என்று அதட்டல் வருகிறது. பின்னணியில் சோக இசை வேறு.

ஜெர்மனியில் யூதர்கள் உடையில் அந்த நட்சத்திரம் அணிவது 1941 செப்டம்பரில் கட்டாயமாக்கப்பட்டது. ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதக் குழந்தைகள்கூட அது இல்லாமல் வெளியே வரக் கூடாது. அதைக் கழற்றினால் என்ன நடக்கும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நம் பிள்ளைக்குத் தெரிந்தது அடுத்த பீரியடு கணக்கு என்பதுதான். உடையில் காகிதம் குத்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றால் அந்தப் பயம் வந்துவிடுமா? ஒன்று விளையாட்டாகப் போகும், இல்லையென்றால் யாராவது ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கும். இனப்படுகொலையை நடித்துக் காட்டிப் புரியவைக்க முடியாது. இந்தப் பாடத்தில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள், வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தார் உட்பட, இப்படி நடிக்கவைக்காதீர்கள் என்று ஆசிரியர்களுக்கு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். என் சொந்தச் சரக்கு என்று நினைத்துத் திட்டியவர்கள் கவனிக்கவும்.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்" என்கிறீர்கள். செய்தார். அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபமே இல்லை. சொந்தக் காசில் அட்டை வாங்கி, இரவு உட்கார்ந்து நட்சத்திரம் வெட்டியிருப்பார். நல்ல எண்ணத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் ஐந்து வயதில் இந்த ஊருக்கு வந்தேன். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேற்றப்பட்ட தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கேரளத்தின் குளத்துப்புழைக் காட்டோரத்து ரப்பர் தோட்டம். தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருந்தும் இரு பக்கத்தாருக்கும் நாங்கள் 'சிலோன்காரர்கள்'. எட்டாம் வகுப்பில் ஒருநாள், இலங்கைச் செய்தி பத்திரிகை நிறைய வந்துகொண்டிருந்த காலம், எங்கள் சார் என்னை எழுப்பிவிட்டார். "அங்கே உங்களை என்ன செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லம்மா." அவர் குரலில் இரக்கம்தான் இருந்தது. 1977 ஆகஸ்டில் எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தீ வைத்தபோது, அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் இரவு முழுக்கப் படுத்திருந்தார். அதை அவர் சொல்லி நூறு முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அத்தனை கண்கள் என்னைப் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்தது இரண்டே சொற்கள்: "அட்டை கடித்தது."

வகுப்பே சிரித்தது. பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் அட்டை.

ஆகவே பயிற்சி கொடுங்கள் என்கிறேன். ஆசிரியரைத் தயார் செய்யாமல் இந்தப் பாடத்தை வகுப்புக்குள் விடாதீர்கள். விடுமுறைப் பயிற்சியில் ஐந்து நாள் உட்கார்ந்தோம். செயலியில் வருகை பதிவது எப்படி என்பதற்கு அரை நாள். நாஜிசத்துக்கு ஒரு படம், இரண்டு நிமிடம். போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிறுவனின் படம், உங்களுக்கும் தெரிந்ததுதான். "இதைக் காட்டினால் பிள்ளைகள் உருகிவிடுவார்கள்" என்றார் பயிற்சியாளர். 1943இல் அங்கே எழுந்த கிளர்ச்சியை நசுக்கிய ஸ்ட்ரூப் என்ற நாஜி அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இருந்த படம் அது. எடுத்தவன் துப்பாக்கிக்காரர்களின் பக்கம் நின்று எடுத்தான். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட, யார் கண்ணால் நாம் அந்தச் சிறுவனைப் பார்க்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். நான் எழுந்து சொன்னேன். "டீச்சர், தேநீர் நேரம்" என்றார்கள்.

"அப்படியானால் நாடகமே கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நிதானமாகவே பதில் சொல்கிறேன். யானுஷ் கோர்ச்சாக் என்று ஒரு மருத்துவர், வார்சா கெட்டோவில் அநாதை இல்லம் நடத்தியவர். 1942 ஜூலை 18 அன்று அங்கே பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போட்டார். நம் தாகூர் எழுதிய 'தபால் நிலையம்'. நோயில் படுத்திருக்கும் அமல் என்ற சிறுவன் சன்னலோரம் அமர்ந்து ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளோடு அவரும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார். அவர் நினைத்திருந்தால் தப்பியிருக்கலாம், பிள்ளைகளை விட்டுப் போக மறுத்துவிட்டார். கொலை நடந்துகொண்டிருந்த ஊரிலேயே இருந்த அந்த ஆசிரியர், கொல்கிறவன் வேடத்தையோ கொல்லப்படுகிறவன் வேடத்தையோ எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. சன்னலும் கடிதமும் கொடுத்தார். தம்பிக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போர்ஷன் முடியாது என்பவர்களுக்கு: முடியாதுதான். எனக்கும் முடியவில்லை.

அடுத்தது, இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த வீடியோவின் கீழே ஓர் ஆசிரியரே எழுதியிருக்கிறார்: "ஹிட்லர் சும்மா செய்திருக்க மாட்டார், காரணம் இருந்திருக்கும்." கூடவே அந்தப் பிரசித்தமான வாக்கியம், எல்லா யூதர்களையும் கொன்றிருக்கலாம், ஏன் கொன்றேன் என்று உலகம் தெரிந்துகொள்ளச் சிலரை விட்டுவைத்தேன் என்று ஹிட்லர் சொன்னதாக. ஹிட்லர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. வாட்ஸ்அப்பில் பிறந்து வாட்ஸ்அப்பிலேயே வளர்கிற பிள்ளை அது. அறுபது லட்சம் பேரைக் கொன்றவனுக்கு வக்காலத்து வாங்கிவிட்டு, காலையில் முதல் பீரியடில் போய் மனித உரிமைகள் பாடம் எடுக்கிறோம். கண்டிப்பான தலைமையாசிரியரை 'ஹிட்லர்' என்று செல்லமாகக் கூப்பிடுகிற ஊர் நம்முடையது. 2012இல் அகமதாபாத்தில் துணிக்கடைக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். பிள்ளைகளிடம் எங்கே தொடங்குவது?

கொச்சியில் தொடங்கலாம் என்று நினைத்தேன். சுற்றுலாவுக்குப் போனபோது மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனேன். சீனத்திலிருந்து வந்த நீல ஓடுகள் பாவிய தரை. ஒவ்வோர் ஓடும் கையால் வரைந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, மிதிக்கலாமா கூடாதா என்று தயங்கி நின்றார்கள். ஒருவன் கேட்டான், "டீச்சர், யூதர்கள் இங்கேயே இருந்தார்களா? சும்மா, கடை வைத்துக்கொண்டு?" அவன் அதுவரை பார்த்தது பாடப்புத்தகத்தில் செத்துக் கிடக்கும் யூதரையும் தொலைக்காட்சியில் துப்பாக்கியோடு நிற்கும் யூதரையும்தான். இன்னொருத்தி மெதுவாக, "ஏசுவைக் கொன்றது இவர்கள்தானே?" என்றாள். போப்பாண்டவர் தலைமையில் கூடிய வத்திக்கான் சங்கமே 1965இல் அந்தப் பழியை மொத்த யூதர் மேல் சுமத்தக் கூடாது என்று அறிவித்ததை அவளுக்குச் சொன்னேன். எனக்கு அது தெரிந்திருந்தது, சொன்னேன். தெரியாத ஆசிரியர் என்ன செய்வார்? "சரி சரி, பஸ் ஏறு" என்பார். நானே பத்து ஆண்டுகளுக்கு முன் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"காசாவைப் பற்றி வாய் திறக்காதவள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். திறந்திருக்கிறேன், என் பழைய பதிவுகளில் போய்ப் பாருங்கள். அங்கே குழந்தைகள் சாவதைப் பார்த்து என் வகுப்புப் பிள்ளை கொதிக்கிறான், கொதிக்கட்டும். அந்தக் கோபம் ஓர் அரசின் மேல் இருக்கும்வரை நான் தடுக்க மாட்டேன். கொச்சியில் கடை வைத்திருந்த யூதக் கிழவர் மேல் திரும்பினால் தடுப்பேன். இந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதற்குத்தான் பயிற்சி கேட்கிறேன்.

"ஈழத்தை மறந்தவள்" என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஐயா, உங்களுக்கு அது முழக்கம். எங்கள் வீட்டில் அது தகரப் பெட்டி. அதற்குள் அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கின்றன. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் என் தாத்தாவை நாடற்றவராக்கியது. 1935இல் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்ததை வகுப்பில் வாசிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் அந்த வரியில் என் குரல் தட்டுகிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அடுத்து வந்தது விஷவாயு, எங்களுக்கு வந்தது கப்பல். ஆனால் தீ வைப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு குமாஸ்தா பேரேட்டில் பெயரை அடிக்கிறான் என்பதை எனக்கு யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. என் வகுப்பிலும் அப்படிப்பட்ட வீட்டுப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் அவர்களை எழுப்பிவிடுவதில்லை. பேச நினைக்கிற பிள்ளை மணியடித்த பிறகு மேசைக்கு வரும்.

வீடியோவை அம்மாவும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தார். "அந்த ஊக்கு அந்தப் பிள்ளையைக் குத்திவிடாதா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

வருகிற சனிக்கிழமை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் கிளஸ்டர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச இரண்டு மணி நேரம் கேட்டேன். தேநீருக்குப் பிறகு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். கோர்ச்சாக்கையும் அந்த வார்சா சிறுவனின் படத்தையும் கொண்டு போகிறேன். திட்டியவர்களும் வரலாம். தேநீர் உண்டு, வடைக்கு நான் பொறுப்பில்லை.