அழ வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு

2004 சுனாமியின் நினைவு நாளில் கடற்கரையில் ஒரு பாட்டியை டிவிக்காரர்கள் அழ வைத்தார்களே, இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள், அதனால் சேனல் பெயர் வேண்டாம்.

காலையில் நேரலையில் அந்தப் பாட்டி என்ன சொன்னார்? கடலில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பியவரிடம் மைக்கை நீட்டினார்கள். "சுனாமி குடியிருப்புல மேல இருந்து காரை பெயர்ந்து விழுது தம்பி, கம்பியெல்லாம் தெரியுது, கொஞ்சம் வந்து படம் புடிச்சுக் காட்டுங்க" என்றார். அதற்கு அந்தத் தம்பி கேட்டது: "அந்த நாளை இப்போ நினைச்சா எப்படிம்மா இருக்கு?" பாட்டி மறுபடியும் வீட்டைப் பற்றித்தான் சொன்னார். மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவது தடவை கேள்வியை மாற்றினார். "பேரன் பேரு என்னம்மா?" அவ்வளவுதான், பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மாலைச் செய்தியில் வந்தது அந்த உட்கார்ந்த காட்சி மட்டும். பின்னால் வயலின். கீழே "ஆண்டுகள் கடந்தும் ஆறாத வடு". வீடு வரவில்லை. காரை வரவில்லை. கம்பி வரவில்லை.

ஒரு மனுஷி தன் வாயால் மூன்று தடவை சொன்னதை விட்டுவிட்டு, சொல்ல விரும்பாததைப் பிடுங்கி எடுத்து ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் நினைவஞ்சலியா?

நினைவு நாளை அழ வைக்கும் நாளாகவே ஆக்கிவிட்டார்கள். பார்க்கிற நமக்கும் அது பழகிவிட்டது. டிசம்பர் 26 காலையில் கண் கலங்குகிறது, மெழுகுவர்த்திப் படம் ஸ்டேட்டஸில் ஏறுகிறது, மறுநாள் இறங்கிவிடுகிறது. அழுதாயிற்று, கடமை முடிந்தது என்று மனசு சமாதானம் ஆகிவிடுகிறது. அந்தச் சமாதானம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் வரவேண்டிய இடத்தில் கண்ணீரை வரவைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த 2004 டிசம்பர் 26 அன்று இந்தோனேசியாவின் சுமத்ரா பக்கம் நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை மணி 6.29. நாகைக் கரையை அலை தொட்டது 9 மணிவாக்கில். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சென்னையில் கட்டடம் ஆடி ஜனங்கள் தெருவில் வந்து நின்றார்கள். ஆனால் கரையில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் அத்தனை கூட்டம். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எந்த நினைவு நிகழ்ச்சியாவது உருப்படியாகப் பேசியிருக்கிறதா? அவர்களுக்கு "ராட்சத அலை" போதும். அலை மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கரையை விட்டு ஓடினோம். பெரிய அலை வரவில்லை, எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். ஏப்ரல் 11-க்கு யாராவது நிகழ்ச்சி போடுகிறார்களா? அன்றைக்கு அலையில் யாரும் சாகவில்லையே, யாரை அழ வைப்பது?

கும்பகோணம் பள்ளித் தீ விபத்திலும் இதே கதைதான். 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். தீர்ப்பு வர 10 வருஷம் ஆனது. ஒவ்வொரு ஜூலையும் ஃபோட்டோவை மடியில் வைத்திருக்கும் அதே அம்மாக்கள், அதே கேள்வி. வழக்கு எங்கே நிற்கிறது என்பதற்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கினார்கள்?

சரி, வழக்கமாக வருகிற பதில்கள் தெரியும். "காட்டாவிட்டால் மக்கள் மறந்துவிடுவார்கள்." யார் மறப்பார்கள்? எங்கள் ஊரில் வந்து சொல்லிப் பாருங்கள். மறக்கக்கூடியவர்கள் தூரத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கு ஞாபகப்படுத்த எங்கள் வீட்டுக் கிழவியை அழ வைக்க வேண்டுமா? "செய்தியாளர் பாவம், மேலிடம் சொன்னதைச் செய்கிறார்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இருக்கலாம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. "நீயும் இதை எழுதி லைக் வாங்குகிறாயே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அந்த அலையில் என் அத்தை மகள் போனாள். நான் எழுதுவேன்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவர்கள் பட்டியலில்தான் பெயர் இருந்தது. டிசம்பர் 26 வந்தால் என் அம்மா காலையிலேயே ரிமோட்டைத் திறந்து இரண்டு பேட்டரியையும் கழற்றி அஞ்சறைப்பெட்டிக்குள் கடுகோடு போட்டுவிடுவாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகுதான் எடுப்பாள். எங்கள் வீட்டில் நினைவு நாள் என்றால் அதுதான்.

அத்தை அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாள். அழுகிற பேட்டி எதையும் பார்க்க மாட்டாள், எழுந்து போய்விடுவாள். அந்தப் பழைய படம் வரும் பாருங்கள், கரையோரம் ஜனங்கள் ஓடுகிற படம், அது வரும்போது மட்டும் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ரொம்ப வருஷம் எனக்குப் புரியவில்லை. ஒரு தடவை கேட்டேன். "மஞ்சப் பாவாடை கட்டியிருந்தா தம்பி. ஓடுற புள்ளைங்கள்ல தெரியுறாளான்னு பாக்குறேன்" என்றாள்.

உடனே "பார்த்தாயா, உன் அத்தைக்கே அந்தப் படம் தேவைப்படுகிறது" என்று யாரும் கிளம்பி வரவேண்டாம். அவள் அந்தப் படத்தில் தன் பிள்ளையைத் தேடுகிறாள். நீங்கள் அதே படத்தை வயலின் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒட்டுகிறீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நேற்று ராத்திரி அத்தையிடமிருந்து ஃபோன். பாட்டியின் காணொளியை அவளும் பார்த்திருக்கிறாள், அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பழைய படத்த இந்த வருஷம் ஏன் தம்பி ஓரத்துல சின்னக் கட்டத்துல போட்டாங்க? பாதிய எழுத்து மறைச்சிடுச்சு. ஒண்ணும் தெரியல" என்றாள். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தேடித் தருகிறேன் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

நேற்றிலிருந்து தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் வெட்டி ஒட்டியது, பாட்டுப் போட்டது. இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் அந்தச் சமயம் நாகைப் பக்கம் கேமராவோடு நின்றவர்கள் யாராவது இருந்தால், வெட்டாத முழுப் படம் உங்களிடம் இருந்தால், உள்பெட்டியில் சொல்லுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கலர் தெரிந்தால் போதும்.