பினாங்கில் கொடியை இறக்கியவர்

1941 டிசம்பர் 10 என்றதும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கதையைப் போர் வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். மறுநாள், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவின் (இன்றைய மலேசியா) பினாங்குத் தீவில் நடந்ததையும், அங்கே கொடியை இறக்கிய மாணிக்கசோதி சரவணமுத்துவையும் சொல்ல ஆளில்லை. எனக்கு இது தீராத ஆதங்கம்.

11-ஆம் தேதி பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு மேலே ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. வீதிக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். குண்டுவீச்சையே கண்டிராத ஊர் அது. அந்தக் கூட்டத்தின் மேல்தான் குண்டு விழுந்தது. திருப்பிச் சுட ஊரில் ஒரு விமான எதிர்ப்பு பீரங்கிகூட இல்லை. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். எடுத்து அடக்கம் செய்ய ஆளில்லாமல் பிணங்கள் நாள்கணக்கில் தெருவிலேயே கிடந்தன. சீனர், மலாய்க்காரர், நம் தமிழர் எல்லோரும் நெருக்கமாக வாழ்ந்த ஊர், தமிழ் வணிகர்களின் சூலியா தெரு இருக்கிற ஊர்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. 13-ஆம் தேதி இரவு வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் சத்தமில்லாமல் கப்பலேற்றினார்கள். சில நாளில் அதிகாரிகளும் கிளம்பிவிட்டார்கள். ஆசியர்களுக்கு அதில் இடமில்லை. அப்புறம் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோரை வெளியேற்றிவிட்டோம் என்று வானொலியில் பேசினார். ஊர்ச் சனம் மொத்தமும் அங்கேயே கிடக்க, அவர் கணக்கில் ‘மக்கள்’ யார் என்று பாருங்கள்.

காப்பாற்ற ஒருவரும் இல்லாத அந்த ஊரில் முன்னால் வந்து நின்றவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றினார். பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இனிக் குண்டு போட வேண்டாம் என்று பினாங்கு வானொலி நிலையத்திலிருந்தே ஜப்பானியருக்கு அறிவித்தார். 19-ஆம் தேதி ஜப்பானியப் படை சண்டையே இல்லாமல் உள்ளே வந்தது. பின்னால் அதே ஜப்பானியர் அவரைச் சிறையிலும் போட்டார்கள்.

எதிரிக்கு வெள்ளைக் கொடி காட்டியது வீரமா என்று கேட்பவர்கள் உண்டு. துப்பாக்கி வைத்திருந்தவன் ஓடிவிட்டான். மிச்சம் இருந்தது கடைக்காரர்களும் கூலிகளும் குழந்தைகளும். அந்தக் கொடிக்காக இன்னொரு தடவை இவர்கள் சாக வேண்டுமா? ஒரு பத்திரிகைக்காரர் தன் பொறுப்பில் எடுத்த அந்த முடிவு, என் கணக்கில், மலாயாப் போரில் யாரும் காட்டிய துணிச்சலுக்கும் குறைந்ததில்லை.

அவர் சகோதரர் பாக்கியசோதியின் பெயரில் கொழும்பில் ஒரு கிரிக்கெட் மைதானமே இருக்கிறது, பி. சரா ஓவல். இவர் பெயரைத்தான் நம்மில் பாதிப்பேர் கேள்விப்பட்டதே இல்லை. பினாங்கு போகிறவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ராம்பாய் என்ற பழைய பீரங்கி முன்னால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சரி, எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே கூட இருக்கும் பிள்ளைகளுக்கு மாணிக்கசோதி சரவணமுத்துவின் பெயரையும் சொல்லுங்கள்.