முதுகில் கசியும் மருந்து

வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர்கள் கையுறையும் முகமூடியும் அணியாததால்தான் மருந்து அவர்களைத் தாக்குகிறது, விழிப்புணர்வு முகாம் நடத்தினால் சரியாகிவிடும் என்று அது முடிகிறது. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் சித்தப்பா பருத்திக்காட்டில் கூலிக்கு மருந்தடித்தவர். முதுகில் சுமக்கும் 16 லிட்டர் டேங்கின் மூடியில் வாஷர் தேய்ந்திருக்கும். குனிந்து நிமிரும்போதெல்லாம் மருந்து கசிந்து முதுகில் இறங்கும். மாலையில் சட்டையைக் கழற்றினால், வார் அழுத்திய இடம் சிவந்து எரியும். அந்தச் சட்டையைச் சித்தி வெறுங்கையால் துவைப்பார். முகமூடி அந்த முதுகை எப்படிக் காப்பாற்றியிருக்கும்? நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். நனைந்த துணியை உடனே களைந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காட்டில் அதற்குத் தண்ணீர் வேண்டாமா?

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே பருத்திச் செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அடித்த மருந்து முகத்திலேயே விழுந்தது. அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பக்கமும் சாவு விழுந்தது.

மருந்து தெளிப்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. வெயிலில் தாங்கக்கூடிய உடையை யார் வாங்கித் தருகிறார்கள்? அன்றாடக் கூலிக்காரரா வாங்குவார்? கொடிய நஞ்சு என்று காட்டும் சிவப்பு முக்கோணம் போட்ட டப்பாவை விற்கும் கடைக்காரர் கையுறையையும் சேர்த்தே கொடுக்கட்டும். பருத்திப் பருவத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த நஞ்சுக்கு மாற்றாகப் போடும் அட்ரோபின் ஊசி தீராமல் இருக்கிறதா என்று அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்கட்டும்.