அக்கார்டியனுக்குப் பின்னால் இரண்டு குரல்

போல்கா என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த துள்ளல் நடன இசை. அமெரிக்கப் போல்கா என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் ஸ்லோவேனிய வம்சாவளி அக்கார்டியன்காரர் ஃபிராங்கி யாங்கோவிக். 1948இல் மில்வாக்கியில் ‘போல்கா மன்னர்’ பட்டம், 1986இல் போல்காவுக்கென்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருது. சரி, மனிதருக்கு அதெல்லாம் தகும். என் மனத்தாங்கல் வேறு. இந்த இசையின் கதையை எப்போதும் அக்கார்டியன்காரர்களை வைத்தே சொல்கிறார்கள். பாடிய பெண்கள் அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறார்கள்.

யாங்கோவிக் பிரபலமாவதற்கு இருபது வருடம் முன்பே, 1920களில், ஸ்லோவேனியர்கள் நிறையக் குடியேறிய கிளீவ்லாந்து நகரின் மேரி உடோவிச்சும் ஜோசஃபின் லௌஷேயும் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஸ்லோவேனிய நாட்டுப்பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார்கள். ஒரு குரல் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். இன்னொன்று இரண்டு சுரம் கீழே, விலகாமல் கூடவே வரும். மூச்சு வாங்குவதும் ஒரே இடத்தில்தான். கேட்டபோது அக்கா தங்கை என்றே நினைத்தேன். இல்லையாம். ஜோசஃபினின் சகோதரர்களில் ஒருவர் ஃபிராங்க் லௌஷே, பின்னாளில் ஒஹையோ மாநில ஆளுநர். இன்னொருவர் வில்லியம், பல் மருத்துவர். பியானோவில் உட்கார்ந்தால் ஊர்ப்பாட்டுக்குள் கொஞ்சம் ஜாஸைக் கலந்துவிடுவார். ‘கிளீவ்லாந்து பாணி’ போல்கா என்று இன்று சொல்வதில் அவர் பங்கு பெரிது. ஆக, அந்த வீட்டில் அரசியலுக்கு ஒருவர், பியானோவுக்கு ஒருவர், குரலுக்கு ஒருத்தி. எனக்கு அந்த மூன்றாவது ஆள்தான் முக்கியம்.

நிஜமான சகோதரிகளும் உண்டு. 1949இல் யாங்கோவிக்கின் ‘ப்ளூ ஸ்கர்ட் வால்ட்ஸ்’ (நீலப் பாவாடை வால்ட்ஸ்) இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பாடியவர்கள் மார்லின் சிஸ்டர்ஸ். அக்கா தங்கைதான், ஆனால் ஸ்லோவேனியர்கள் இல்லை! மெட்டு செக் நாட்டிலிருந்து வந்தது. அங்கே பாவாடை சிவப்பு. அமெரிக்கா வந்ததும் நீலமாகிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், ஆங்கில வரிகள் எழுதியவருக்கே வெளிச்சம். அந்தத் தட்டிலிருந்து இரண்டு பெண்களின் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? நல்ல அக்கார்டியன் இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. கிளீவ்லாந்தின் ஐந்தாம் சேனலில் 1956 முதல் 1983 வரை ‘போல்கா வெரைட்டீஸ்’ ஓடியது. ஒரு உள்ளூர் நிகழ்ச்சிக்கு இருபத்தேழு வருடம்! அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் வரிசையாகச் சொல்வது இசைக்குழுத் தலைவர்களின் பெயர்களைத்தான்.

ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மைக்கு நடுவே இருமை என்று ஒன்று இருக்கிறது. ‘நாங்கள் இருவரும்’ என்பதற்குத் தனிச்சொல். அதிலும் இருவரும் பெண்களாக இருந்தால் ‘மித்வே’. நாம், நாங்கள் என்று பிரிக்கத் தெரிந்த நம்மிடம்கூட இது கிடையாது. மேரியும் ஜோசஃபினும் பாடும்போது எனக்குக் கேட்பது அந்தச் சொல்தான். நேற்று ராத்திரியும் கேட்டேன். நூறு வருடத் தட்டின் இரைச்சலுக்கு அடியில், கீழ்க்குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை.