பிலியானா யோவானோவிச்சின் நாவல்களை நாவல்களாகப் படிக்கலாமே

செர்பிய எழுத்தாளர் பிலியானா யோவானோவிச்சைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பேசுகிற விதம் எனக்கு உறுத்துகிறது.

1978-ல் அவருடைய முதல் நாவல் 'அவாலா சரிகிறது' வந்தது. அவருக்கு வயது 25. யெலேனா என்ற இசை மாணவியின் கதை. புல்லாங்குழல் படிக்கிறாள், யார் சொல்லுக்கும் அடங்காமல் திரிகிறாள். அன்றைய யுகோஸ்லாவியாவில் 'ஜீன்ஸ் உரைநடை' என்று ஒரு வகைப்பெயர் புழக்கத்தில் இருந்தது. இளைஞர்களின் பேச்சுமொழியில், பெரியவர்களின் உலகத்தை எதிர்க்கிற எழுத்து. இவரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நகரத்துப் பெண் ஒருத்தியின் கலகம், அவ்வளவுதான் என்பதுபோல.

அப்புறம் யுகோஸ்லாவியா உடைந்து போர் வந்தது. 1991-ல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் குடியரசுத் தலைவர் அலுவலகத்துக்கு எதிரே, போரில் இறந்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றி நின்றவர்களில் இவரும் ஒருவர். சொந்த நாட்டு ஆட்சியையே எதிர்த்து நிற்க அசாத்திய துணிச்சல் வேண்டும். 1996-ல் ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் இறந்தபோது வயது 43.

இறந்த பிறகு அந்தத் துணிச்சல்தான் அவருடைய அடையாளமாகிப் போனது. செர்பிய இலக்கியச் சங்கம் அவர் பெயரில் விருது தருகிறது. 2018-ல் ஜான் காக்ஸ் மொழிபெயர்ப்பில் 'நாய்களும் மற்றவர்களும்' ஆங்கிலத்தில் வந்தது. இது 1980-ல் வெளிவந்த நாவல். பெண்ணும் பெண்ணும் காதலிப்பதைச் செர்பிய நாவலில் வெளிப்படையாக எழுதிய முன்னோடி என்று கொண்டாடுகிறார்கள்.

எல்லாம் உண்மை. ஆனால் முதலில் 'கலகக்காரப் பெண்', இப்போது 'போர் எதிர்ப்பாளர், முன்னோடி'. பட்டம் பெரிதாகியிருக்கிறது, படிக்கும் முறை மாறவில்லை. 'நாய்களும் மற்றவர்களும்' நாவலில் கதை சொல்பவள் லிடியா. அவளுடைய காதல் அதில் ஒரு இழைதான். பாட்டி யாக்லிகா, சகோதரன் தனிலோ, அம்மா மரீனா என்று ஒரு குடும்பமே அவள் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. எது நடந்தது, எது அவள் நினைத்துக்கொண்டது என்று நமக்கே குழம்பும். கதை ஒரு நூல் பிடித்துப் போகாது, துண்டு துண்டாக வரும். அன்பும் எரிச்சலும் அதில் ஒன்றாகவே கிடக்கின்றன. வீட்டுக்குள் ஒருவரையொருவர் எப்படி நசுக்குகிறார்கள் என்பதை அந்த உடைந்த வடிவம்தான் காட்டுகிறது. கோர்வையாகச் சொல்லியிருந்தால் லிடியாவை எட்ட நின்று பார்த்துப் பரிதாபப்பட்டிருப்போம். இங்கே அவளோடு சேர்ந்து மூச்சு முட்டுகிறது.

இதைப் பற்றி யாராவது எழுதுங்கள். அவர் எங்கே நின்றார் என்பதை நாலு வரியில் சொல்லிவிடலாம். எப்படி எழுதினார் என்று சொல்லத்தான் பக்கங்கள் வேண்டும்.