அகதிகளைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

கட்டாய இடப்பெயர்வு, அகதிகள் பிரச்சினை பற்றி முதுகலையில் படிக்க வேண்டும் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் விசாரிக்கிறார்கள். மனசு நிறைகிறது. எல்லாரும் முதலில் கேட்பது ஆக்ஸ்போர்டைத்தான். 1982-இல் மானுடவியலாளர் பார்பரா ஹாரல்-பாண்ட் அங்கே தொடங்கிய அகதிகள் ஆய்வு மையம் இந்தத் துறைக்கே வழிகாட்டி. இடம் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே போனாலும் சரி, இங்கேயே எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) படித்தாலும் சரி, ஆய்வை நம் மாவட்டத்தில் தொடங்குங்கள்.

தாரமங்கலம் பக்கம் பவளத்தானூரில் இலங்கைத் தமிழர் கேம்ப் இருக்கிறது, தம்மம்பட்டியிலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி தன் காகிதங்களை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். கண்டிப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்ததற்கு ஒரு தாள், ராமேசுவரம் பக்கத்து மண்டபம் கேம்பில் வந்து இறங்கியபோது கொடுத்த சீட்டு, கேம்ப் அட்டை. அவருடைய தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இப்படிப் போன தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் படகேறியது. தாத்தா புறப்பட்ட அதே மாவட்டத்தில் இன்று பேத்தி வெளிநாட்டவர். அவர் பேரன் சேலத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, நம்மைப் போலவே பேசுகிறான். அவனும் குடிமகன் இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

ஐ.நா.வின் 1951 அகதிகள் ஒப்பந்தத்திலும் 1967 நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற இந்த விஷயம் கேம்பில் ஒரு பையன் பாஸ்போர்ட்டுக்கு அலையும்போதுதான் முழுசாகப் புரியும்.

அப்புறம் மேட்டூர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணைக்காகப் பல கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். நாம் கூட்டமாகப் போய் செல்ஃபி எடுக்கிறோம். அங்கே இருந்த குடும்பங்கள் எங்கே போய்க் குடியேறின, பட்டா இல்லாத கூலிக்காரருக்கு என்ன கிடைத்தது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? இடம்பெயர்ந்தவர்கள் நிலத்தோடு வேலை, மேய்ச்சல், அக்கம்பக்க உறவு எல்லாவற்றையும் சேர்த்தே இழக்கிறார்கள் என்று சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா எட்டு அபாயங்களாக வகுத்துச் சொன்னார். அந்தப் பட்டியலோடு மேட்டூருக்குப் போய் ஊர்ப் பெரியவர்களிடம் உட்காருங்கள். 2018-இல் சேலம்-சென்னை எட்டுவழிச்சாலைக்கு நிலம் எடுக்கக் கல் நட்டபோது நம் சனங்கள் ஏன் அப்படி அழுதார்கள் என்பதும் விளங்கும்.

ஒன்றில் மட்டும் எனக்கு ஆதங்கம் அடங்கவே இல்லை. கேள்வித்தாளோடு ஒருநாள் கேம்புக்கு வந்து, போட்டோ எடுத்து, பட்டம் வாங்கியதும் திரும்பிப் பார்க்காதவர்கள் நிறைய. கேம்ப் மக்கள் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். எழுதியதைத் தமிழில் கொண்டுபோய் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவர்கள் திருத்தட்டும்.

நம் பல்கலைக்கழகங்கள் இதைத் தனி முதுகலைப் படிப்பாகவே தொடங்க வேண்டும். தொடங்கினால், கேம்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வரிசையில் இடம் ஒதுக்க வேண்டும். கட்டணமும் வாங்கக் கூடாது.