போர்த்துறை வாசலில் ஒரு போர்டு

"மனிதர்களை வெட்டிச் சாய்க்கும் அலுவலகம்." போர்த்துறைக் கட்டடத்தின் வாசலில் இப்படி ஒரு போர்டு மாட்டுங்கள் என்று எழுதியவர் வியட்நாம் காலத்துப் போராட்டக்காரர் இல்லை, 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட பிலடெல்ஃபியா டாக்டர் பெஞ்சமின் ரஷ். கூடவே "விதவைகளையும் அநாதைகளையும் உண்டாக்கும் அலுவலகம்", "கட்டைக்கால் தயாரிக்கும் அலுவலகம்" என்றெல்லாம் எழுதச் சொன்னார்.

போருக்கு ஒரு துறை இருக்கும்போது அமைதிக்கு ஏன் இல்லை என்பதுதான் அவர் கேள்வி. அமைதிக்கென்று ஒரு செயலர், ஊர்தோறும் இலவசப் பள்ளி, மரண தண்டனை ஒழிப்பு, அப்புறம் வீட்டுக்கு ஒரு பைபிள் (மனிதர் தீவிர கிறிஸ்தவர்). எனக்குப் பிடித்தது ராணுவ உடுப்பைப் பற்றி அவர் சொன்னது: அணிவகுப்பின் ஒழுங்கையும் அழகையும் பார்த்துப் பழகினால் போரின் கோரம் மங்கிவிடும், உடுப்பு இல்லையென்றால் படைகளே இருந்திருக்காது. உட்கார்ந்த இடத்தில் தோன்றிய யோசனையாக இது எனக்குப் படவில்லை. விடுதலைப் போரில் ராணுவ மருத்துவராக இருந்து, மருத்துவமனைகளின் லட்சணத்தைக் கண்டு புகார் எழுதி, கடைசியில் 1778-ல் பதவியை விட்டவர். கட்டைக்கால் அவருக்கு உவமை இல்லை.

சரி, மகான் என்று மாலை போடலாமா? 1793-ல் பிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து சுமார் 5,000 பேர் செத்தார்கள். முடிந்தவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது ரஷ் ஓடவில்லை, சகோதரியைப் பறிகொடுத்தும் வைத்தியம் பார்த்தார். ஆனால் அந்த வைத்தியம் இருக்கிறதே, பாதரச மருந்து கொடுத்துப் பேதியாக்கி, ரத்தக் குழாயைக் கீறி ரத்தத்தை இறக்குவது. உடம்பில் இருக்கும் ரத்தத்தின் அளவை இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டுக்கொண்டு இறக்கினார். சக டாக்டர்கள் சொல்லியும் கேட்கவில்லை. கறுப்பினத்தவரை இந்தக் காய்ச்சல் தொடாது என்று சொல்லி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அழைத்தார், அவர்களிலும் பலர் இறந்தார்கள். யார் சொன்னாலும் அசையாத அதே பிடிவாதம்தான் போர்த்துறை வாசலில் போர்டு மாட்டச் சொன்னது என்று நினைக்கிறேன். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கழித்துவிட முடியவில்லை.

அந்த அமைதித் திட்டம் முதலில் அச்சானது பெஞ்சமின் பானெக்கர் என்ற சுதந்திரக் கறுப்பின வானியலாளரின் 1793-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில். அடிமை முறையை எதிர்த்து 1773-லேயே பிரசுரம் போட்டவர் ரஷ். ஆனால் அவர் வீட்டில் வில்லியம் கிரப்பர் என்று ஓர் அடிமை இருந்தார். அவருக்கு விடுதலை கிடைத்தது 1794-ல். பஞ்சாங்கம் விற்றுக்கொண்டிருந்த வருஷம் கிரப்பர் இன்னும் அடிமைதான்.